ஒரே குஞ்சு, ஒரே சந்தை: வளர்ப்பு இறாலின் உலகக் கணக்கு

1988 செப்டம்பரில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோ நோயில் விழுந்தார். 1989 ஜனவரி 7 அன்று அவர் இறக்கும்வரை அந்த நாட்டில் திருவிழாக்கள் நின்றன, விருந்துகள் குறைந்தன. அன்று ஆசியக் குளங்களில் வளர்ந்த புலி இறாலுக்கு ஜப்பானே பெரிய வாடிக்கையாளர். டோக்கியோவில் விருந்து நின்றதும் குளிர்கிடங்குகளில் சரக்கு தேங்கியது. 1989-ல் தென்கிழக்கு ஆசியக் குளக்கரைகளில் விலை சரிந்தது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா புதிய சுங்க விகிதங்களை அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே ஆந்திரத்தில் இறால் வாங்குவோர் விலையைக் குறைத்தார்கள். ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் சுங்கம் நடைமுறைக்கு வந்தது. பீமவரத்திலும் நெல்லூரிலும் நீரில் கிடந்த இறாலுக்கு இந்த அரசியல் தெரியாது. அது வழக்கம்போல் தீவனம் தின்று எடை ஏறிக்கொண்டிருந்தது. விலை மட்டும் இறங்கியது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலான 37 ஆண்டுகளில் இறால் தொழிலில் இனம் மாறியது, முதலிடம் பிடித்த நாடுகள் மாறின, வாங்கும் நாடுகளும் மாறின. மாறாதது ஒன்று உண்டு. எந்த நாடு உச்சிக்கு வந்தாலும் ஏதோ ஒன்றின்மேல் மட்டும் சாய்ந்தே வந்தது. அது ஒரே இனமாகவோ, ஒரே வகைக் குஞ்சாகவோ, ஒரே சந்தையாகவோ இருந்தது. சரிவு வந்தபோதும் அந்த ஒன்றின் வழியாகவே வந்தது. உலக இறால் உற்பத்தியையும் வணிகத்தையும் இந்தக் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரை.

கடலிலிருந்து குளத்துக்கு

இறாலைக் கட்டி வளர்ப்பது புதிதல்ல. கேரளத்தின் பொக்காளி வயல், வங்காளத்தின் பேரி, இந்தோனேசியாவின் தம்பாக் ஆகிய மூன்றிலும் முறை ஒன்றுதான். கடல் ஏற்றத்தோடு உள்ளே வரும் குஞ்சுகளை மதகு போட்டு மறித்து, சில மாதம் வளரவிட்டுப் பிடிப்பது. குஞ்சுக்கும் தீவனத்துக்கும் செலவில்லை. விளைச்சலும் அதற்குத் தக்கபடி குறைவு.

இதைத் தொழிலாக மாற்றியது பொரிப்பகம். 1930களில் ஜப்பானிய அறிஞர் மோதோசாகு புஜினாகா குருமா இறாலை முட்டையிடச் செய்து, அதன் இளங்குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். 1968-ல் தைவானில் லியாவ் இ-சியு புலி இறாலிலும் அதைச் சாதித்தார். குஞ்சுக்குக் கடலை எதிர்பார்த்திருக்கும் நிலை நீங்கியதும், குளத்தில் எத்தனை குஞ்சு விடுவது என்பதை மனிதன் முடிவு செய்யத் தொடங்கினான். அந்த முடிவில்தான் பேராசை புகுந்தது.

தைவான் 1987-ல் உச்சத்தைத் தொட்டது. மறு ஆண்டே உற்பத்தி பாதிக்கும் கீழே போனது. நெருக்கமாக விட்ட குஞ்சு, கெட்டுப்போன குளத்தடி மண், வைரஸ் நோய் என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. உப்பைச் சமன்செய்ய நிலத்தடி நன்னீரை உறிஞ்சியதில் கடலோர நிலமே தாழ்ந்தது. தொழில் அங்கிருந்து தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நகர்ந்தது. விழுந்த நாட்டின் பாடம் அடுத்த நாட்டுக்கு அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை.

நோய் வரைந்த வரைபடம்

உலக இறால் வரைபடத்தில் பாதியை வரைந்தது நோய்தான் என்று சொன்னால் மிகையில்லை. 1992 வாக்கில் கிழக்கு ஆசியாவில் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டியது. ஓட்டில் வெண்புள்ளி தெரிந்த சில நாட்களில் குளம் முழுவதும் செத்து மிதக்கும். சுமார் 2 லட்சம் டன் விளைவித்து உலகின் முதலிடத்தில் இருந்த சீனா ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. 1994-ல் அந்த நோய் இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வந்தது. 1996-ல் இலங்கையின் புத்தளம் மாவட்டக் குளங்களைக் காலி செய்தது. 1999-ல் பசிபிக்கைத் தாண்டி மத்திய அமெரிக்காவிலும் ஈக்வடோரிலும் இறங்கியது. 2016 இறுதியில் ஆஸ்திரேலியாவின் லோகன் ஆற்றுப் பண்ணைகளைத் தொட்டபோது, அந்நாட்டு அரசு சமைக்காத இறாலின் இறக்குமதியையே சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது.

அடுத்தது இ.எம்.எஸ். என்று பண்ணையாளர்கள் சொல்லும் இளங்குஞ்சுச் சாவு. 2009-ல் சீனா, அடுத்து வியட்நாம், மலேசியா, 2012-ல் தாய்லாந்து, 2013-ல் மெக்சிகோ என்று ஆண்டுக்கு ஒரு நாடாகப் பரவியது. குஞ்சு விட்ட 35 நாட்களுக்குள் கல்லீரல் சுருங்கிச் செத்தது. காரணம் வைரஸ் அல்ல, உப்புநீரில் எப்போதும் இருக்கும் விப்ரியோ பாக்டீரியாவின் நச்சு பெற்ற ஒரு வகைதான் என்று 2013-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு கண்டறிந்தது. அதற்குள் சுமார் 6 லட்சம் டன் விளைவித்த தாய்லாந்து ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. இருபது ஆண்டு காலம் ஏற்றுமதியில் அது வகித்த முதலிடம் போனது, இன்றுவரை திரும்பவில்லை.

அந்த வெற்றிடத்தில் நுழைந்த நாடுகளில் முதன்மையானது இந்தியா. இ.எம்.எஸ். இங்கே பெரிதாகத் தாக்கவில்லை. 2013 அளவில் அமெரிக்காவுக்கு அதிக இறால் அனுப்பும் நாடாக இந்தியா ஆனது. நம் வளர்ச்சியில் நம் உழைப்புக்குப் பங்கு உண்டு, அடுத்தவர் நோய்க்கும் பங்கு உண்டு. இதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கணக்கைச் சரியாகப் போட முடியும்.

வெள்ளைக்காலின் ஆட்சி

2000-ஆம் ஆண்டில் உலகில் விளைந்த வெள்ளைக்கால் இறால், அதாவது வனாமி, சுமார் 1.55 லட்சம் டன். 2020-ல் அது 58 லட்சம் டன். 2022-ல் 68 லட்சம் டன்னைத் தொட்டது. உலகில் மனிதன் நீரில் வளர்க்கும் எந்த விலங்கினமும் எடையில் இதை எட்டவில்லை என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. அதே காலத்தில் புலி இறால் ஏறக்குறைய 7 லட்சம் டன் என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையில் பிறந்த இந்த இறால் ஆசியாவை ஆண்டது எப்படி? புலி இறாலின் தாயை ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து பிடித்துவர வேண்டும், அதோடு நோயும் வரும். வனாமியைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்த்துத் தேர்வு செய்யலாம். ஹவாயின் கடல்சார் ஆய்வு நிலையத்தில் 1990களில் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்ற தாய் இறால் உருவாக்கப்பட்டது. வனாமி குளத்தடியில் மட்டும் ஊர்வதில்லை, நீரின் நடுவிலும் நீந்துவதால் நெருக்கமாக விடலாம். புலியைவிடப் புரதம் குறைந்த தீவனம் போதும். உப்புக் குறைந்த நீரிலும் வளரும். 2002-ல் தாய்லாந்தும் 2009-ல் இந்தியாவும் அதற்குக் கதவைத் திறந்தன.

இந்தியப் பொரிப்பகங்களுக்கு வரும் தாய் இறால் பெரும்பாலும் ஹவாய், புளோரிடா பகுதிகளிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வருகிறது. நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதனைக்காலம் கழிந்த பிறகே மரக்காணத்துக்கோ ஆந்திரத்துக்கோ போகும். தாய் வருவதும் அமெரிக்காவிலிருந்து, பிள்ளை போவதும் அமெரிக்காவுக்கு. நடுவில் நீர், மின்சாரம், உழைப்பு, நோய்ப் பயம் ஆகியவை மட்டும் நம்முடையவை.

இதில் ஒரு தவறான நம்பிக்கையும் வளர்ந்தது. கிருமியற்ற குஞ்சு என்றால் நோய் வராத குஞ்சு என்று பொருளல்ல. அது சுத்தமாகக் குளத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். குளம் சுத்தமாக இல்லாவிட்டால் அதுவும் சாகும். அதனால்தான் பண்ணையைச் சுற்றி நண்டு வேலி, மேலே பறவைக்கு வலை, நீரில் குளோரின் என்று கோட்டை கட்டவேண்டியிருக்கிறது. இப்போது இந்தியப் பண்ணைகளை வாட்டும் ஈ.ஹெச்.பி. என்ற நுண்ணுயிர் இந்தக் கோட்டைக்குள்ளும் புகுந்துவிட்டது. அது இறாலை உடனே கொல்வதில்லை, வளரவிடாமல் செய்யும். 110 நாள் தீவனம் போட்ட பிறகும் 100 கவுண்ட்டிலேயே, அதாவது கிலோவுக்கு 100 இறால் என்ற அளவிலேயே நிற்கும் குளம் விவசாயிக்குச் சாவைவிடக் கொடுமை. செத்த குளத்தில் தீவனச் செலவாவது நின்றுபோகும்.

ஈக்வடோர் தேர்ந்த வேறு வழி

நோயை எதிர்கொள்ள உலகில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆசியாவின் வழி, கிருமியை உள்ளே விடாதே என்பது. ஈக்வடோரின் வழி, கிருமியோடு வாழப் பழகு என்பது.

1998-ல் 1.15 லட்சம் டன் அளவுக்கு ஏற்றுமதி செய்த ஈக்வடோர், வெள்ளைப்புள்ளி தாக்கிய பிறகு 2000-ல் 38 ஆயிரம் டன் அளவுக்கு விழுந்தது. வங்கிகள் நொடித்திருந்த நிலையில், அதே ஆண்டில்தான் அந்நாடு தன் நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரை ஏற்றது. கடனும் நோயும் சேர்ந்து நெருக்கிய நிலையில் அந்நாட்டுப் பண்ணையாளர்கள் தங்கள் குளங்களில் தப்பிப் பிழைத்த இறாலையே தாயாக்கினார்கள். தலைமுறை தோறும் பிழைத்ததிலிருந்து பிழைத்ததைத் தேர்ந்தார்கள். குஞ்சை நெருக்கமாக விடவில்லை. பல ஹெக்டேர் பரப்புள்ள பெரிய குளங்களில் குறைந்த அடர்த்தியில் விட்டார்கள். மெதுவான வழிதான். 2010-ல் ஏற்றுமதி சுமார் 1.5 லட்சம் டன்னாக இருந்தது. 2023-ல் அது 12 லட்சம் டன்னைத் தாண்டியது. வாழைப்பழ நாடென்று பேர் பெற்ற ஈக்வடோரில் இன்று எண்ணெய் அல்லாத ஏற்றுமதியில் இறாலுக்கே முதலிடம்.

பிந்திய வளர்ச்சிக்கு இயந்திரமும் துணைநின்றது. இறால் தீவனத்தைக் கடிக்கும் ஓசையை நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டு, பசித்தபோது மட்டும் தீவனம் தூவும் கருவிகள் அங்கே பரவின. குஞ்சு, தீவனம், பண்ணை, பதப்படுத்தும் ஆலை அனைத்தும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது அங்கே வழக்கம். இந்தியாவிலோ சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி குஞ்சை ஒருவரிடமும் தீவனத்தைக் கடனுக்கு இன்னொருவரிடமும் வாங்கி, இறாலை மூன்றாமவரிடம் விற்கிறார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒருவர் இலாபம் எடுக்கிறார். நட்டம் வரும்போது அது இவர் ஒருவர் தலையில் விழுகிறது.

யார் தின்கிறார்கள்?

1980களில் விலையை முடிவு செய்தது ஜப்பான். அடுத்து அமெரிக்கா. அங்கே தின்னும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. கடந்த பத்தாண்டுகளின் பெரிய மாற்றம் சீனா. உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடுகளில் ஒன்றான சீனா தன் மக்களின் வாய்க்குப் போதாமல் உலகிலேயே அதிகம் வாங்கும் நாடாகவும் ஆகிவிட்டது. 2023-ல் அது வாங்கியது சுமார் 10 லட்சம் டன்.

வாங்குபவரைப் பொறுத்துச் சரக்கின் உருவமும் மாறும். சீனர்களுக்குத் தலையும் ஓடும் சேர்ந்த முழு இறால் வேண்டும். ஈக்வடோர் அப்படியே உறைய வைத்து ஏற்றிவிடும், ஆள் செலவு குறைவு. அமெரிக்கச் சமையலறைக்குத் தலை நீக்கி, ஓடு உரித்து, குடல் நரம்பு எடுத்து, சில வேளை வாலை மட்டும் விட்டு அனுப்ப வேண்டும். அது கைவேலை. இந்தியா, வியட்நாம், இந்தோனேசியா ஆகியவற்றின் பலம் இந்தக் கைவேலைதான். ஆலைகளில் நின்றபடி ஈரத்திலும் குளிரிலும் உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஈக்வடோரின் ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி சீனாவுக்குப் போகிறது. 2020 ஜூலையில் சில பெட்டிகளின் மேல் கொரோனா வைரஸின் தடயம் கண்டதாகச் சொல்லி மூன்று ஈக்வடோர் நிறுவனங்களின் சரக்கைச் சீனா நிறுத்திய உடனே அந்நாட்டில் விலை ஆட்டம் கண்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு ஈக்வடோர் உரித்த இறாலையும் செய்யத் தொடங்கி அமெரிக்கச் சந்தையில் இந்தியாவோடு மோதுகிறது. கூடவே 2024 மே மாதம் சீனாவோடு தடையற்ற வணிக ஒப்பந்தத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு காலை மட்டும் நம்புவதன் ஆபத்தை அது உணர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் எடை அந்தக் காலில்தான் இருக்கிறது.

சுங்கமும் சோதனைச்சாலையும்

இறால் விலையில் இன்னொரு பாதியை எழுதுவது துறைமுகம். அமெரிக்கத் தென்கரை மீனவர்கள் 2003 இறுதியில் போட்ட மனுவின் பேரில், இந்தியா, சீனா, தாய்லாந்து, வியட்நாம், ஈக்வடோர், பிரேசில் ஆகிய ஆறு நாடுகளின் இறாலுக்கு 2005 பிப்ரவரியில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விழுந்தது. ஈக்வடோர் உலக வணிக அமைப்பில் வழக்காடி 2007-ல் விடுபட்டது. இந்தியாவின்மேல் அந்த வரி ஆண்டுதோறும் மறு கணக்கிடப்பட்டுத் தொடர்கிறது. 2024 டிசம்பரில் மானிய ஈட்டு வரியும் சேர்ந்தது. அதில் இந்தியாவுக்கு 5.77 சதவீதம், ஈக்வடோருக்கு 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2025-ல் வந்த சுங்கத்தில் இந்த இடைவெளி பள்ளமானது. இந்தியாவுக்கு 50 சதவீதம் என்றபோது ஈக்வடோருக்கு 15, இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20. இத்தகைய விகிதங்கள் பேச்சுவார்த்தையில் ஏறும், இறங்கும். குளத்தில் இருக்கும் இறால் அதுவரை காத்திருக்காது.

ஐரோப்பாவின் கதவில் இருப்பது சோதனைச்சாலை. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற தடைசெய்த மருந்துகளின் எச்சம் 2001, 2002 ஆண்டுகளில் ஆசிய இறாலில் கண்டதிலிருந்து அங்கே சந்தேகம் நீங்கவில்லை. 2016 முதல் இந்திய வளர்ப்பு இறாலின் பெட்டிகளில் பாதியைச் சோதித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். சுங்கம் அடுத்தவர் போடுவது, மருந்து எச்சம் நாம் போட்டுக்கொண்டது. 2025 செப்டம்பரில் மேலும் 102 இந்திய ஆலைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது நல்ல அறிகுறி. அந்த நம்பிக்கையைக் காப்பதும் கெடுப்பதும் குளக்கரையில்தான்.

கரையில் விழுந்த செலவு

ஏற்றுமதிக் கணக்கில் வராத செலவுகளும் உண்டு. 1980, 90களில் ஈக்வடோரிலும் தாய்லாந்திலும் இன்னும் பல நாடுகளிலும் அலையாத்திக் காடுகளை வெட்டிக் குளம் வெட்டினார்கள். காட்டு மண்ணில் உறங்கும் கந்தகம் காற்றுப்பட்டு அமிலமாக மாறியதால் பல குளங்கள் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. காடும் இல்லை, குளமும் இல்லை.

தமிழகத்தில் காட்டைவிட வயல்தான் பிரச்சினையானது. 1990களின் தொடக்கத்தில் பழைய தஞ்சை மாவட்டக் கடலோரத்தில் நெல்வயலை வாங்கிக் குளமாக்கியதும், கிணற்று நீர் உவர்த்தது, பக்கத்து வயல் காய்ந்தது, நடவு வேலை போனது. காந்தியவாதிகளான ஜெகநாதனும் கிருஷ்ணம்மாளும் நிலமற்ற மக்களோடு சேர்ந்து போராடினார்கள். ஜெகநாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் மரபு வழி அல்லாத இறால் பண்ணைகளை அகற்றவும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரவும் அது உத்தரவிட்டது. பின்னர் 2005-ல் கடலோர உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து உரிமம் வழங்கும் முறையை ஏற்படுத்தியது, 2023-ல் திருத்தப்பட்டது. தீர்ப்பின் கூர்மையைச் சட்டம் மழுக்கியது என்போரும், தொழிலை முறைப்படுத்தியது என்போரும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் விளைநிலத்தைக் குளமாக்குவதைச் சட்டம் தடுத்ததற்கும், உரிமம் என்ற கேள்வி எழுந்ததற்கும் காரணம் அந்தப் போராட்டம்தான்.

தொழிலாளர் கதையும் இப்படியே. தாய்லாந்தின் உரிக்கும் கொட்டகைகளிலும் மீன்பிடிக் கப்பல்களிலும் அடிமை வேலை நடந்ததை அசோசியேட்டட் பிரஸ் 2015-ல் வெளிக்கொணர்ந்தது. 2016-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2024-ல் இந்திய ஆலைகளைப் பற்றியும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. கடையில் விலை குறையும்போது அந்தக் குறைவை யாரோ ஒருவர் தாங்குகிறார். அவர் குளத்துக்காரராக இருக்கலாம், உரிக்கும் பெண்ணாகவும் இருக்கலாம்.

இனி என்ன?

2024-25-ல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.41 லட்சம் டன், மதிப்பு 517 கோடி டாலர். எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்கு. நாட்டின் கடலுணவு ஏற்றுமதி மொத்தம் 745 கோடி டாலர் என்பதோடு ஒப்பிட்டால், ஒரு நாட்டின் ஒரு முடிவு எவ்வளவு தூரம் பாயும் என்பது விளங்கும்.

மாற்று வழிகள் கண்ணுக்கெட்டாத தொலைவில் இல்லை. இனத்தில், கிருமியற்ற புலி இறால் குஞ்சு வந்த பிறகு புலி மீண்டும் குளங்களுக்குத் திரும்புகிறது. நம் கடலின் வெள்ளை இறாலை வளர்ப்புக்கு ஏற்றதாகத் தேர்வு செய்யும் பணியில் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இறங்கியிருக்கிறது. நோயில், புத்தளத்தின் அனுபவம் கைகொடுக்கும். எல்லாரும் ஒரே வாய்க்காலில் நீர் எடுத்து ஒரே வாய்க்காலில் கழிவு விட்டு அழிந்த பிறகு, எந்தப் பகுதி எந்த மாதம் குஞ்சு விடுவது என்று பயிர் நாட்காட்டி வகுத்தார்கள். நோய்க்குப் பட்டா எல்லை தெரியாது என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

சந்தையில், 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரித்தானிய ஒப்பந்தம் போன்றவை உதவும். என்றாலும் பெரிய பாடம் சீனாவில் இருக்கிறது. சீனப் பண்ணையாளருக்கு ஒரு வெளிநாட்டு அரசின் அறிவிப்பு வாழ்வா சாவா என்ற கேள்வி அல்ல. வாங்க அவர் ஊரிலேயே ஆள் இருக்கிறது. நம் நாட்டிலோ வனாமி இன்னும் ஏற்றுமதிப் பொருள்தான். கரையோர ஊர்ச் சந்தைக்குக் கடல் இறால் வரும். உள்ளூர்ச் சமையலறைக்குக் குளத்து இறால் ஒழுங்காக வந்து சேர குளிர்வண்டியும், மருந்தெச்சம் இல்லை என்ற உறுதியும், நிலையான விலையும் வேண்டும். இவை மூன்றும் வந்தால் வாங்குபவர் வருவார்.

அதுவரை கணக்கு பழைய கணக்குதான். 100 நாள் வளர்த்த பிறகு குளத்துக்காரர் காலையில் தொலைபேசியை எடுத்து, இன்று 40 கவுண்ட் என்ன விலை என்று கேட்பார். மறுமுனையில் இருப்பவர் சொல்லும் எண்ணை அவரும் முடிவு செய்யவில்லை. 1988-ல் அதை டோக்கியோ சொன்னது, இன்று வாஷிங்டன் சொல்கிறது. ஒரு நாள் அந்தப் பதிலில் மதுரையும் கோயம்புத்தூரும் ஹைதராபாதும் சேர்ந்து ஒலித்தால், இந்தத் தொழில் தன் இரண்டாவது காலை ஊன்றிவிட்டது என்று கொள்ளலாம்.